ஜீப்பின் தளத்துக்கு அடியில் ஒரு பெட்டி

(இயற்பியல் மூன்றாமாண்டு மாணவன்)

மனிதன் பொருள் சேர்க்கக் கற்றுக்கொண்ட நாள்முதலே அதனை மறைத்துவைக்கவும் கற்றுக்கொண்டான் எனலாம். நம் பாட்டிமார்கள் நெற்குதிரின் அடியில் பணமுடிப்பை வைத்தார்கள். தேக்குப் பீரோ செய்த ஆசாரிகள் இழுப்பறைக்குப் பின்னால் இன்னோர் இழுப்பறை அமைத்து, அதைத் திறக்கும் வழியை வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். நான் இங்கே விளக்கப்போகும் பெட்டியும் அந்த வரிசையைச் சேர்ந்ததே. மலைப்பாதையில் ஓடும் ஜீப்பின் தளத்தை அறுத்து, அதற்கடியில் தொங்கவிட்டு, மேலே மூடி போட்டு, மூடியின்மேல் ரப்பர் விரிப்பையும் விரித்துவிட்டால் அங்கே ஒரு பெட்டி இருப்பது பிறர் கண்ணுக்குத் தெரியாது. கேட்பதற்குத் துப்பறியும் கதை போலத் தோன்றும். உண்மையில் இது நம் வகுப்பறையில் படிக்கும் ஈர்ப்பு மையம், நிலைமம், விறைப்பு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடும் நல்லதொரு பாடம்.

போடிநாயக்கனூரில் என் தாய்மாமன் டிங்கர் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் அங்கே தகடு பிடிப்பதும், டிரில் ஓட்டுவதும், பெயின்ட் கலக்குவதும் என் வேலை. போடியைப் பற்றி அறியாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரின் மேற்கே மலை சுவர் போல நிற்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்கள். தேனி மாவட்டத்திலிருந்து ஆண்களும் பெண்களும் விடியற்காலையில் ஜீப் ஏறி அத்தோட்டங்களுக்குப் போய், மாலையில் திரும்புகிறார்கள். தார்ச்சாலை முடிந்ததும் தோட்டத்துக்குள் போவது கல்லும் சேறும் நிறைந்த தடம். அங்கே ஓடக்கூடிய வண்டி ஜீப் ஒன்றுதான். ஆகவே எங்கள் ஊர்ப் பட்டறைகளுக்கு ஜீப்பே படியளக்கும் தெய்வம்.

ஜீப்பில் பொருள் வைக்க இடமில்லை என்பது இன்று நேற்றுக் குறையன்று. இரண்டாம் உலகப்போரின்போது வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. வண்டி எவ்வளவுக்கெவ்வளவு சிறிதாகவும் இலேசாகவும் இருக்குமோ அவ்வளவும் நல்லது என்பதே இராணுவத்தின் விருப்பம். ஆகவே அதை வடிவமைத்தவர்கள் ஒவ்வோர் அங்குலத்தையும் கணக்குப் பார்த்துச் செலவிட்டார்கள். பெட்ரோல் தொட்டியை ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைத்தார்கள். பின்சக்கரங்களை அடுத்த இரு மூலைகளிலும் மூடியுடன் கூடிய சிறு கருவிப் பெட்டிகளைப் பதித்தார்கள். மண்வெட்டியையும் கோடரியையும் வண்டியின் வெளிப்பக்கத்தில் வார்போட்டுக் கட்டினார்கள். 1948இல் இங்கிலாந்திலிருந்து வந்த லாண்ட்ரோவரிலும் முன் இருக்கைகளுக்கு அடிப்பகுதி பெட்டியாகவே அமைந்தது. இருக்கை மெத்தையைத் தூக்கினால் கருவிகள் வைக்கும் இடம் தெரியும். இவ்விரண்டிலும் ஒரு பொதுக்கருத்து இருப்பதைக் கவனியுங்கள். கனமான பொருள் எதுவாயினும் அது தாழ்வாக இருக்க வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும். நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பின் வழியிலேயே பல பத்தாண்டுகள் வண்டி செய்தது. அந்த வம்சத்து வண்டிகள்தாம் இன்றும் எங்கள் மலையில் ஏறுகின்றன.

ஆனால் இங்கே வண்டி இராணுவத்துக்காக ஓடவில்லை. பின்னால் நீளவாக்கில் இரண்டு பெஞ்சுகள், அவற்றில் எதிரெதிரே ஆட்கள், நடுவில் அவர்கள் கால்கள். அந்தக் கால்களுக்கு இடையில்தான் ஜாக்கி, வீல் ஸ்பேனர், இழுவைச் சங்கிலி, சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டை, தார்ப்பாய், சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் கிடக்கும். சிலர் இவற்றைச் சாக்கில் கட்டிக் கூரைமேல் கம்பித்தட்டில் போட்டுவிடுவார்கள். கால் வைக்க இடம் கிடைத்தது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. இவ்விரண்டு பழக்கங்களும் எவ்வளவு கெடுதலானவை என்பதைச் சிறு கணக்கால் காட்டலாம்.

முதலில் தளத்தில் கிடக்கும் ஜாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 8 கிலோ. வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். திடீரென்று எதன்மீதோ மோதி வண்டி நின்றுவிடுகிறது. ஜாக்கிக்கு யாரும் நிற்கச் சொல்லவில்லையே! நிலைமத்தினால் அது அதே வேகத்தில் முன்னால் பாய்கிறது. அதனிடமுள்ள இயக்க ஆற்றல் 490 ஜூலுக்கும் மேல். ஜூல் கணக்கு மனத்தில் பதியாது என்றால் இப்படிச் சொல்கிறேன். ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாம் மாடியிலிருந்து, அந்த ஜாக்கியை ஒருவர் கணுக்கால்மீது போட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். மோதக்கூட வேண்டாம். இறக்கத்தில் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது உருண்டு வரும் ஒரு தண்ணீர்ப் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் புகுந்துகொண்டால் போதும். பதினேழு வளைவுள்ள சாலையில் அதன் பொருள் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது கூரைமேல் போட்ட சாக்கு. ஆளும் சுமையுமாக வண்டி 1500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூரையில், 190 சென்டிமீட்டர் உயரத்தில், 40 கிலோ இரும்புச் சாமான் இருக்கிறது. அதை எடுத்துத் தளத்துக்கு அடியில் 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் ஈர்ப்பு மையம் எவ்வளவு இறங்கும்? 40ஐ 130ஆல் பெருக்கி 1500ஆல் வகுத்தால் ஏறத்தாழ மூன்றரைச் சென்டிமீட்டர். இரு சக்கரங்களுக்கிடையே அகலம் 130 சென்டிமீட்டர் என்றால், வண்டி பக்கவாட்டில் கவிழ்வதற்கு முன் தாங்கக்கூடிய சாய்வு 40.9 பாகையிலிருந்து 42.3 பாகையாகிறது. ஒன்றரைப் பாகைக்கும் சற்றுக் குறைவான இலாபம்தானே என்று சிலர் நினைக்கலாம். நானும் அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. ஸ்பிரிங் ஒருபக்கம் அமுங்குவதையும், ஆட்கள் ஒருபக்கம் சாய்வதையும் இக்கணக்கில் சேர்க்கவுமில்லை. ஆனால் மழையில் அரித்துப்போன தடத்தில் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது காசு செலவில்லாமல் கிடைக்கும் ஒன்றரைப் பாகையை வேண்டாம் என்று சொல்லும் டிரைவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனிப் பெட்டி செய்யும் முறைக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் கேட்பது, “எவ்வளவு பெரிசாப் போடலாம்?” என்பதுதான். மாமா பதில் சொல்லாமல் ஒரு பழைய சாக்கைத் தரையில் விரித்து, “கீழே படுத்துப் பாருங்கண்ணே” என்பார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தால் பாதி ஆசை அடங்கிவிடும். முன்னிருந்து பின்னாக இரண்டு கனமான இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. அவைதான் சேஸ். அவற்றின் நடுவே கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுவரை புரொப்பல்லர் ஷாஃப்ட் சுழல்கிறது. ஒருபுறம் சைலன்சர். சட்டத்தை ஒட்டியே பிரேக் எண்ணெய்க் குழாயும் டீசல் குழாயும் போகின்றன. எஞ்சுவது சேஸ் சட்டத்துக்கும் ஷாஃப்டுக்கும் இடையில், கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் உள்ள ஒரு சந்துதான். அதுவும் சைலன்சர் இல்லாத பக்கத்தில் மட்டும்.

அந்தச் சந்தையும் முழுவதும் எடுத்துக்கொள்ள முடியாது. காரணம், ஷாஃப்ட் ஓரிடத்தில் நிற்பதன்று. சக்கரம் கல்லில் ஏறும்போது பின் அச்சு மேலே எழும்புகிறது, அதனுடன் ஷாஃப்டின் பின்முனையும் எழும்புகிறது. கியர் பெட்டியோடு சேர்ந்த முன்முனை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எவ்வளவு எழும்பும் என்பதை அளக்க ஓர் எளிய வழி உண்டு. அச்சுக்கு நேர் மேலே சேஸில் ஒரு ரப்பர்க் கட்டை இருக்கும். அச்சு எழும்பி வந்து இடித்து நிற்கவேண்டிய எல்லை அதுதான். அச்சுக்கும் அந்த ரப்பருக்கும் இடையே 9 சென்டிமீட்டர் இருந்தால் ஷாஃப்டின் பின்முனை 9, நடுப்பகுதி நாலரை, முன்முனை சுழியம் என்று எழும்பும். வடிவொத்த முக்கோணங்கள் பற்றிப் பத்தாம் வகுப்பில் படித்தது இங்கேதான் எனக்கு முதன்முதலில் பயன்பட்டது! அந்த அளவுக்கு மேலும் மூன்று சென்டிமீட்டர் விட்டுத்தான் பெட்டியின் சுவர் வரவேண்டும். சேஸ் பக்கம் இரண்டரைச் சென்டிமீட்டர் விட வேண்டும். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆழத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நாங்கள் வேலை செய்த வண்டியில் இரு அச்சுகளுக்கிடையே தூரம் 230 சென்டிமீட்டர். வயிற்றுப் பகுதியில் மிகத் தாழ்வான இடம் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர். அப்படிப்பட்ட வண்டி இருபுறமும் சேர்ந்து ஏறத்தாழ 29 பாகை முறியும் மேட்டை வயிறு உரசாமல் தாண்டும். பெட்டி அந்த வயிற்றுக்குக் கீழே 10 சென்டிமீட்டர் தொங்கினால் அது 20 பாகைக்கும் கீழே வந்துவிடும். நேற்றுவரை ஏறி இறங்கிய அதே வரப்பில் இன்று வண்டி நான்கு சக்கரமும் சுழல, ஆமையைக் கல்மேல் வைத்தாற்போல உட்கார்ந்துவிடும். ஆகவே கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் அடிமட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலேயே பெட்டியின் அடி நின்றுவிட வேண்டும் என்பது மாமாவின் சட்டம். தடத்தில் எழும்பி நிற்கும் கல் முதலில் அந்தக் குறுக்குச் சட்டத்தில் இடிக்கட்டும். அது இடி வாங்கவே பிறந்தது.

இத்தனையும் கழித்தபின் எங்களுக்குக் கிடைத்தது நீளம் 55, அகலம் 22, ஆழம் 16 சென்டிமீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 19 லிட்டர், அதாவது ஒரு குடம் தண்ணீர். “இதுக்கா இவ்வளவு பாடு?” என்று வண்டிக்காரர் முகம் சுருங்கியது உண்மை. ஆனால் இரும்புச் சாமானுக்கு ஒரு குடம் இடம் சிறிதன்று. ஜாக்கி, ஸ்பேனர், சங்கிலி மூன்றையும் சாக்கில் சுற்றி அடுக்கியபின்பும் ஒரு முதலுதவிப் பெட்டிக்கும் காகிதங்கள் வைக்கும் டப்பாவுக்கும் இடம் இருந்தது.

பெட்டிக்கு 16 கேஜ் இரும்புத் தகடு, அதாவது 1.6 மில்லிமீட்டர் தடிப்பு. அதைவிட மெல்லிய 18 கேஜில் செய்தால் எடை குறையும், ஆனால் கீழிருந்து தெறிக்கும் கற்கள் அதைச் சொட்டையாக்கிவிடும். பெட்டியை வண்டிக்கு வெளியே வைத்துத்தான் வெல்டிங் செய்ய வேண்டும். வண்டிக்கு அடியில் டீசல் குழாய்க்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு தீப்பொறி பறக்கவிடுவது வீரமன்று. ஏதேனும் ஒரு காரணத்தால் வண்டியிலேயே வெல்டு வைக்க நேர்ந்தால் முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிடில் வெல்டிங் மின்னோட்டம் ஆல்டர்னேட்டரைப் பதம்பார்த்துவிடும்.

தளத்தை அறுப்பதில்தான் கைத்திறன் தெரியும். கேஸ் வைத்து அறுத்தால் ஐந்து நிமிட வேலை. மாமா அதைச் செய்யவிடுவதில்லை. நான்கு மூலைகளிலும் முதலில் 25 மில்லிமீட்டர் வட்டத் துளை போட்டு, துளையிலிருந்து துளைவரை கத்தரி கொண்டு வெட்டச் சொல்வார். ஏன் வட்டம் என்று கேட்டால், “மூலை கூரா இருந்தா அங்கேயிருந்துதான் கிழியும் மாப்ளே, உன் சட்டைப்பையைப் பாரு” என்பார். நம் பேராசிரியர் இதையே தகைவுச் செறிவு என்று கரும்பலகையில் எழுதுவார். 1954ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறி விழுந்தன. ஆராய்ந்தபோது, விமான உடலில் வெட்டப்பட்ட திறப்புகளின் மூலைப்பகுதியில் உலோகம் களைத்து விரிசல் விட்டிருந்தது தெரியவந்தது. போடிப் பட்டறையில் ஒரு டிங்கர் சட்டைப்பையைக் காட்டிச் சொல்வதும் இங்கிலாந்தின் பொறியியலாளர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றதும் ஒன்றே என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பெட்டியை எதில் தொங்கவிடுவது? சேஸிலா, தளத்திலா? இரண்டிலும் பிடித்துவிட்டால் இரட்டை உறுதி என்றுதான் யாருக்கும் தோன்றும். அதுதான் கூடாது. ஜீப்பின் உடல் சேஸின்மீது நேரடியாக ஒட்டப்பட்டதன்று. இடையில் ரப்பர்த் துண்டுகள் இருக்கின்றன. கரடுமுரடான தடத்தில் ஒரு சக்கரம் மேட்டிலும் எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது சேஸ் ஈரத்துணியைப் பிழிவதுபோலச் சற்று முறுகும். உடல் அதே அளவு முறுகாது. இரண்டிலும் பிடித்த பெட்டி இருவர் சண்டையில் நடுவே நிற்பவன் கதைதான். சில வாரங்களில் வெல்டு விட்டுவிடும், அல்லது தளத்தகடு கிழியும். சேஸ் பக்கம் இரண்டரைச் சென்டிமீட்டர் விடச் சொன்னதும் இதற்காகத்தான். சேஸில் துளை போடுவதோ வெல்டு வைப்பதோ அறவே வேண்டாம். வண்டியின் முதுகெலும்பு அது.

ஆகவே பெட்டியைத் தளத்தில்தான் தொங்கவிட்டோம். ஆனால் தளம் மெல்லிய தகடு. ஓட்டையில் விளிம்பு மடக்கிப் பெட்டியை நேராக மாட்டினால், குலுக்கலில் 40 கிலோ சாமான் 120 கிலோ போல இழுக்கும்போது தகடு தாங்காது. போல்ட் அறுவதில்லை, போல்ட்டைச் சுற்றியுள்ள தகடுதான் கிழியும். இதற்காக ஆங்கிள் இரும்பில் ஒரு செவ்வகச் சட்டம் செய்து, அதன் இரு முனைகளும் தளத்துக்கு அடியில் ஏற்கெனவே உள்ள குறுக்கு விலாக்களின்மேல் உட்காரும்படி அமைத்தோம். சுமை விலாவுக்குப் போகிறது, தகட்டுக்குப் போவதில்லை. எட்டு போல்ட்டுகள், ஒவ்வொன்றுக்கும் அகலமான வாஷர், தளர்ந்து கழலாத நைலான் நட்டு. பெட்டி, சட்டம், மூடி எல்லாம் சேர்த்து 11 கிலோ வந்தது.

மூடியின்மேல் ஆட்கள் மிதிப்பார்கள், மூட்டை விழும். அது வளையக்கூடாது. தகட்டின் தடிப்பை இரண்டு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது உண்மைதான். எடையும் இரண்டு மடங்காகுமே! அதைவிட, நான்கு ஓரங்களையும் கீழ்நோக்கி இரண்டு சென்டிமீட்டர் மடித்து, நடுவில் ஒரு பட்டை இரும்பை நிறுத்திவைத்து வெல்டு வைத்தால் அதே தகடு பலகை போல நிற்கும். காகிதத்தை விசிறியாக மடித்தால் அது நிமிர்ந்து நிற்பதும் இதே தத்துவத்தால்தான். மூடி தளத்தோடு சமமட்டமாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மேலே நின்றாலும் இறங்கும்போது யாராவது தடுக்கி விழுவார்கள்.

மூடியைச் சுற்றி ரப்பர் பீடிங் ஒட்டுவதைப் பலர் தூசிக்காக என்று நினைக்கிறார்கள். தூசியும் தண்ணீரும் வராமலிருப்பது சரிதான். அதைவிடப் பெரிய காரணம் புகை. தளத்தில் ஓட்டை போட்டுவிட்டோம். கீழே சைலன்சர் இருக்கிறது. ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால் வெளியே போன புகைகூட உள்ளே இழுக்கப்படும். மழைக்காகத் தார்ப்பாயை இறக்கிவிட்டுப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் வண்டிக்குள் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு புகுந்தால் தலைவலி என்று சொல்லிக்கொண்டே மயங்கிவிடுவார்கள். எனவே பெட்டியின் வெல்டுகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு விளக்கை வைத்து இருட்டில் கீழிருந்து பார்த்தால் ஊசிமுனை ஓட்டையும் தெரிந்துவிடும். அடியில் ஒரேயொரு வடிதுளை மட்டும் உண்டு. அதில் ரப்பர் அடைப்பான். ஓடையைக் கடந்துவந்தபின் பிடுங்கி, வடியவிட்டு, மீண்டும் அடைக்க வேண்டும். உள்ளும் புறமும் ரெட் ஆக்சைடு, அதன்மேல் இரண்டு கோட் பெயின்ட், வெளியடிப்பக்கம் தார்ப்பூச்சு.

பெட்டியில் எதை வைக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல், டீசல் கேன் கூடாது. அடுப்புக் கேஸ் சிலிண்டர் கூடாது. ஆட்களின் காலடியில், மூடிய அறையில், சைலன்சருக்கு ஒரு முழத் தொலைவில் எரிபொருளை வைப்பது எமனுக்கு அழைப்பு எழுதுவதாகும்.

இதுவரை சொன்னது இரும்பு வேலை. இனிச் சொல்லப்போவது இரும்பைவிடக் கனமான சமாச்சாரம்.

ஒருநாள் மாலை முன்பின் அறியாத ஒருவர் நல்லதொரு புது வண்டியுடன் பட்டறைக்கு வந்தார். தளத்துக்கு அடியில் பெட்டி வேண்டும் என்றார். மாமா வழக்கம்போலச் சாக்கை விரித்தார். அவர் படுக்கவில்லை. “மூடி தெரியக்கூடாதுண்ணே. கீல் தெரியக்கூடாது, பூட்டு தெரியக்கூடாது. எங்கேயாவது ஒரு சுவிட்சு வச்சு அதை அமுக்கினாத்தான் திறக்கணும். கூலி எவ்வளவுன்னாலும் தர்றேன்” என்றார். என்ன வைப்பதற்கு என்று மாமா கேட்டார். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?” என்று பதில் வந்தது. மாமா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, “ஜாக்கி வைக்கிற பெட்டிக்குச் சுவிட்சு தேவையில்லைங்க. நான் போடுற மூடியைப் போலீஸ்காரர் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வச்சுத் திறக்கிற மாதிரிதான் போடுவேன். வேற ஆளைப் பாருங்க” என்று சொல்லிவிட்டார். அந்த மாதம் பட்டறை வாடகை பாக்கி இருந்தது எனக்குத் தெரியும். அத்தை அன்றிரவு அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசவும் செய்தார்.

மாமா செய்தது வீண் பிடிவாதம் என்று நான் கருதவில்லை. எங்கள் சாலையின் உச்சியில் இரு மாநிலங்களின் எல்லை இருக்கிறது. சோதனைச்சாவடி இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அத்தகைய பொருளைக் கடத்தப் பயன்பட்ட வண்டியே பறிமுதலுக்கு உரியது. தனக்குத் தெரியாது என்பதையும், தான் தக்க எச்சரிக்கையுடன் இருந்ததையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு உரிமையாளர் தலையில் விழுகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் 2012இல் இன்னும் ஒருபடி மேலே போய், போதைப்பொருள் கடத்துவதற்கென்று தெரிந்து வண்டியில் இரகசிய அறை கட்டிக்கொடுப்பதையே தனிக் குற்றமாக்கியது. கூலிக்கு வேலை செய்தவன் என்று தட்டிக்கழிக்க அங்கே வழியில்லை.

சட்டத்தின் இன்னொரு பக்கமும் உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனைக் கண்டிப்புடன் எடுத்துரைத்தது. நாங்கள் போட்ட பெட்டியால் வண்டியின் நீளம், அகலம், இருக்கைகள், சேஸ் எதுவும் மாறவில்லை. ஆயினும் 11 கிலோ எடை கூடுகிறது, தளத்தில் ஒரு திறப்பு வருகிறது. ஆகவே தகட்டை அறுக்குமுன் வண்டிக்காரரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பி, ஆய்வாளரிடம் படம் வரைந்து காட்டிக் கேட்டுவரச் சொல்வது மாமாவின் வழக்கம். இதனால் சில வேலைகள் கைநழுவிப் போவதும் உண்டு.

அப்படியென்றால் மறைவு எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தோட்டத்தில் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் அரை கிலோமீட்டர் நடந்து போய்விடுவார். கதவில்லாத ஜீப்பில் ஜாக்கி கண்ணில் பட்டால் திரும்பி வருவதற்குள் காணாமற்போகும். சனிக்கிழமையானால் சில தோட்டக்காரர்கள் ஆட்களின் வாரக்கூலியை டிரைவரிடமே கொடுத்தனுப்புவார்கள். பன்னிரண்டு குடும்பங்களின் அரிசியும் பருப்பும் அந்த உறையில் இருக்கிறது. போகிறவன் வருகிறவன் கண்ணுக்கு அது படாதிருக்க ஒரு ரப்பர் விரிப்பு போதும். விரிப்பைத் தூக்கியதும் மூடியும் கீலும் பூட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். சாவடியில் யாரேனும் கேட்குமுன்பே டிரைவர் விரிப்பைச் சுருட்டி மூடியைத் திறந்து காட்டிவிடுவார். முதல் இரண்டு வாரம் கேட்டார்கள். இப்போது வண்டியைப் பார்த்ததுமே கையசைத்து அனுப்புகிறார்களாம்.

பெட்டி மாட்டியபின் முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மீண்டும் முறுக்க வேண்டும். தகடும் ரப்பரும் படிந்து சற்றுத் தளர்ந்திருக்கும். அதன்பின் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் வெல்டுகளை ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். கீலுக்கு எண்ணெய் விடலாம், கிரீஸ் வேண்டாம். கிரீஸில் மண் ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக மாமா மூடியின் உட்பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் தம் கோணல் எழுத்தில் எழுதிவைத்தார்: ஜாக்கி 1, ஸ்பேனர் 1, சங்கிலி 1, கட்டை 2, மருந்துப் பெட்டி 1, டார்ச் 1. கட்டை இரண்டும் பெட்டியில் அடங்கவில்லை. அவற்றுக்குப் பெஞ்சுக்கடியில் தனியாக ஒரு வார் அடித்துக் கொடுத்தோம்.